வம்சாவளி வாட்ஸ்ஆப்பில் போனபோது: ஒரு குடும்ப வரலாற்றுத் தொகுப்பின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் இது. இன்று ஊரில் மிச்சமிருப்பது ஒரே வீடு. மற்றவர்கள் தஞ்சாவூர், சென்னை, கோவை, துபாய் என்று போய்விட்டார்கள். குடும்பத்தில் மூத்தவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் பல வருடங்களாக வம்சாவளியைத் தொகுத்துவந்தார். கல்யாணம், கருமாதி, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் அவர் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு இருக்குமாம். 2020இல் அவர் காலமானார். அவர் சேர்த்ததெல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தது. அந்தப் பெட்டி தம்பி மகளிடம் வந்து சேர்ந்தது. அவர் சென்னையில் ஒரு வங்கியில் வேலை பார்ப்பவர், நாற்பதைக் கடந்தவர். இந்தக் கட்டுரை முழுக்க அவரைத் தொகுப்பாளர் என்றே குறிப்பிடுகிறேன்.

எனக்கும் இந்தக் குடும்பத்துக்கும் உறவு கிடையாது. நூலகராக இருந்து ஓய்வுபெற்றவன். வீட்டு ஆவணங்களை ஒழுங்குபடுத்தித் தருவதை இப்போது பழக்கமாக வைத்திருக்கிறேன். பிரச்சினை வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

பெட்டியில் இருந்தவை

மலாயாவிலிருந்து வந்த கடிதங்கள், நாலைந்து ஓலை ஜாதகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், 1961ஆம் வருடப் பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல், கோயில் தலைக்கட்டு வரிப் பட்டியல் ஒன்று, மொய் நோட்டுகள், இவற்றோடு பெரியவர் கைப்பட எழுதிய நோட்டுகள்.

குடும்ப வரலாறு என்றதும் எல்லாரும் ஜாதகத்தையும் பத்திரத்தையும்தான் தேடுவார்கள். என் அனுபவத்தில் மொய் நோட்டுக்கு ஈடான ஆவணம் நம் வீடுகளில் இல்லை. யார், எந்த ஊர், என்ன உறவு, எவ்வளவு என்று ஒரே வரியில் இருக்கும். பணக் கணக்கு என்பதால் யாரும் அதில் பொய் எழுதமாட்டார்கள். தலைக்கட்டு வரிப் பட்டியலும் அப்படித்தான். ஒரு பெயர் புதிதாக ஏறினால் அந்த மகன் தனிக்குடித்தனம் போய்விட்டான் என்று அர்த்தம். கருமாதிப் பத்திரிகையில் மகன், மகள், மருமகன், பேரன், பேத்தி என்று வரிசையாக அச்சாகியிருக்கும். ஆள் விட்டுப்போனால் சண்டை வரும், அதனால் பெரும்பாலும் பட்டியல் முழுமையாகவே இருக்கும்.

பெரியவரின் நோட்டில் இரண்டு சிக்கல்கள். ஒன்று, பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம். ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வந்துகொண்டே இருந்தது. முதலெழுத்தும் இரண்டே எழுத்துகளுக்குள் மாறி மாறி வந்தது.

இன்னொன்று வருடம். பெரியவர் பல இடங்களில் தமிழ் வருடத்தை மட்டும் எழுதியிருந்தார். அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பிவரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் கணினியில் ஏற்றும்போது எப்படியோ மறந்துபோகிறது. தொகுப்பாளர் இணையத்தில் கிடைத்த ஒரு மாற்றுக் கருவியில் ‘தாது’ என்று போட்டு 1936 என்று எடுத்துக்கொண்டார். விளைவு, கொள்ளுத்தாத்தா பிறந்ததும் அவர் மகன், அதாவது தொகுப்பாளரின் தாத்தா, மலாயாவுக்குக் கப்பலேறியதும் ஒரே வருடமாகிவிட்டது. நோட்டைத் திரும்பப் படித்தால் கொள்ளுத்தாத்தா பெயருக்குப் பக்கத்தில் ‘பஞ்சத்தில் பிறந்தவர்’ என்று இருக்கிறது. அது 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். மகன் கிளம்பிய குறிப்பில் ‘தாது, தை’ என்று இருந்தது. சித்திரையில்தான் வருடம் பிறக்கிறது என்பதால் அந்தத் தை 1937 ஜனவரியில் வரும், 1936இல் அல்ல. அவரிடமிருந்து வந்த முதல் கடிதத்தின் தேதி 1937 மே, ஊர் தெலுக் அன்சன். கணக்கு சரியாக உட்கார்ந்தது.

தெலுக் அன்சன் என்றால் இன்றைய தெலுக் இந்தான், மலேசியாவின் பேராக் மாநிலம். அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி (குமாஸ்தா) வேலை. நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியதாகக் கடிதத்தில் இருக்கிறது. கப்பல் ‘ரஜூலா’ என்று வீட்டில் சொல்கிறார்கள். ரஜூலா 1926இல் கட்டப்பட்ட கப்பல், இந்த வழியில் பல பத்தாண்டுகள் ஓடியது, எனவே இருக்கலாம். ஆனால் தஞ்சாவூர்ப் பக்கம் மலாயா போன எல்லார் வீட்டிலும் கப்பல் பெயர் ரஜூலாதான். கடிதத்தில் பெயர் இல்லாதவரை அதைச் செவிவழிச் செய்தி என்றே குறித்துவைக்கச் சொன்னேன்.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியதோடு கடிதங்கள் நின்றுபோகின்றன. மறுபடி தொடங்குவது 1946இல். அவர் உயிரோடு இருக்கிறாரா, ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களா என்று தெரியாமல் இங்கே வீட்டில் காத்திருந்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு அவர் இரண்டு முறை ஊருக்கு வந்து போனார். தொகுப்பாளரின் அப்பாவும் சித்தப்பாவும் அந்த வருகைகளுக்குப் பிறகு பிறந்தவர்கள். 1950களின் கடைசியில் மலாயாவிலேயே இறந்தார்.

முதல் தொகுப்பும் அதன் விளைவும்

நான் வருவதற்கு முன்பே தொகுப்பாளர் எல்லாவற்றையும் ஒரு பிடிஎஃப் கோப்பாக்கிக் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் பொங்கலன்று போட்டிருந்தார். நல்ல உழைப்பு. பெரியவர் ஆண் வாரிசுகளை மட்டுமே எழுதியிருந்தார். தொகுப்பாளர் பெண் மக்கள் வழியையும் தேடிச் சேர்த்திருந்தார். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, நட்சத்திரம், கைபேசி எண், படிப்பு, வேலை எல்லாம் இருந்தன. பாகப்பிரிவினைப் பத்திரத்திலிருந்து சர்வே எண்களோடு நில விவரமும் இருந்தது. தாத்தா பெயருக்குக் கீழே ‘மலாயா மனைவி (பெயர் தெரியவில்லை), பிள்ளைகள் உண்டு’ என்று ஒரு வரி.

முதல் நாள் வாழ்த்துகள் குவிந்தன. அப்புறம் மூன்று பக்கமிருந்து பிரச்சினை கிளம்பியது.

கோப்பை யாரோ ஒரு கல்யாணத் தரகருக்கு அனுப்பிவிட்டார்கள். தீய எண்ணத்தோடு செய்ததல்ல, ஒரு பையனுக்கு வரன் பார்க்கத்தான். ஆனால் அதில் இருந்த கல்யாணமாகாத பெண்களின் எண்ணுக்கு முன்பின் தெரியாதவர்கள் கூப்பிட ஆரம்பித்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. கோப்பில் அவர் ‘மணமாகாதவர்’ என்று தவறாக வேறு இருந்தது.

இரண்டாவது, சித்தப்பா. “மலாயாவுல இருக்கிறவங்க இதப் பார்த்துட்டு நாளைக்குப் பங்கு கேட்டு வந்தா நீயா பதில் சொல்லுவே?” என்று தொகுப்பாளரிடம் கேட்டார். அவர் கேட்டது மலாயாப் பிள்ளைகளை மட்டும் மனதில் வைத்தல்ல. பெண் வழி முழுக்க வெளியே வந்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை. தமிழ்நாட்டில் 1989 திருத்தச் சட்டமும், பிறகு 2005இல் மத்தியச் சட்டத் திருத்தமும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பங்கு தந்த பிறகு, நம் ஊரில் வம்சாவளியை எடுத்து நீட்டினால் பலருக்கும் அது வாரிசுப் பட்டியலாகத்தான் கண்ணில் படுகிறது.

மூன்றாவது, அத்தை. எண்பத்தைந்தைத் தாண்டியவர், பெரியவரின் தங்கை. அவர் எதுவும் சொல்லவில்லை. தொகுப்பாளர் போன் செய்தால் எடுப்பதையும் நிறுத்திவிட்டார்.

கோப்பைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் பலர் பதிவிறக்கியிருந்தார்கள், அதை ஒன்றும் செய்யமுடியவில்லை.

மொய் நோட்டில் ஒரு வரி

இந்த நிலையில்தான் நான் பெட்டியைப் பார்த்தேன். தொகுப்பாளர் ஏற்கெனவே எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கிவிட்டிருந்தார். பெரியவர் கட்டுகளாகக் கட்டி, மேலே துண்டுச் சீட்டு வைத்திருந்தாராம். எந்தக் காகிதம் எந்தக் கட்டில் இருந்தது என்பது இப்போது யாருக்கும் தெரியாது. சீட்டுகள் மட்டும் ஒரு கவரில் தனியாகக் கிடந்தன. ஒன்றில் ‘சின்னம்மா வகை’ என்று இருந்தது.

யார் அந்தச் சின்னம்மா என்று தேடியதில் அத்தையின் கல்யாண மொய் நோட்டு கைக்கு வந்தது. 1954, ஜய வருஷம். நீளவாக்கில் மடித்த நோட்டு, ஊதா மை. ஊர் ஊராகப் பிரித்து எழுதியிருந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய். மாமன் வீட்டில் பதினாறு ரூபாயும் ஒரு மோதிரமும். கடைசிப் பக்கத்தில், மணியார்டரில் வந்தவை என்ற தலைப்பின் கீழே, ‘தெலுக் அன்சன், சின்னம்மா, ரூ. 51’. பெயர் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாத அளவுக்கு அவரை எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆக, 1954இல் இது ரகசியமே இல்லை. மலாயா மனைவி மகளின் கல்யாணத்துக்கு மொய் அனுப்பியிருக்கிறார், இங்கே வாங்கி வரவு வைத்திருக்கிறார்கள். 1930களில் இந்து ஆண் ஒருவர் இரண்டாம் மணம் செய்வதற்குச் சட்டத் தடை இல்லை. சென்னை மாகாணத்தில் அந்தத் தடை 1949இல்தான் வந்தது. அப்படியானால் வாய் மூடியது எப்போது? 1961 பத்திரத்தில் தாத்தாவின் பிள்ளைகள் என்று இங்குள்ளவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு இங்கே அச்சடித்த எந்தப் பத்திரிகையிலும், எழுதிய நோட்டிலும் மலாயாப் பெயர் இல்லை. மௌனம் அந்தப் பத்திரத்தோடு தொடங்கியிருக்கிறது என்பது என் கணிப்பு. காரணம் வெட்கம் அல்ல, நிலம். இது புரிந்த பிறகு சித்தப்பாவின் கோபத்தை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியவில்லை.

எடுத்த முடிவுகள்

குடும்பத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்தார், சித்தப்பாவின் மருமகன். அவரை உட்காரவைத்துப் பேசினோம். ஒரு பிடிஎஃப் கோப்பால் யாருக்கும் புதிதாகப் பங்கு வந்துவிடாது என்றார். ஆனால் பயத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் அவர் சொல்லவில்லை. 1872 சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, இறந்துபோனவர்களுக்கு இடையிலான உறவைப் பற்றித் தகராறு எழுவதற்கு முன் குடும்ப வம்சாவளியில் எழுதப்பட்டதைப் பொருத்தமான சாட்சியாக ஏற்கிறது. குடும்பப் படத்தில் எழுதியதும், கல்லறைக் கல்லில் பொறித்ததும்கூட அதில் சேரும். 2024 ஜூலையில் அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்த புதிய சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. எனவே யார் சொல்லி, எப்போது எழுதினோம் என்பதைக் குறிக்காமல் வம்சாவளியைச் சுற்றுக்கு விடுவது சரியில்லை என்று அவரும் நானும் ஒத்துக்கொண்டோம்.

அதன்படி ஒவ்வொரு தகவலுக்கும் ஓரத்தில் ஒரு குறி போட்டோம். ‘ஆ’ என்றால் ஆவணம், ‘நே’ என்றால் நேரில் கண்டவர் சொன்னது, ‘கே’ என்றால் கேள்விப்பட்டது. கூடவே சொன்னவர், சொன்ன தேதி. ரஜூலாவுக்கு ‘கே’. தெலுக் அன்சனுக்கு ‘ஆ’. பெரியவர் நோட்டில் இருப்பதற்கெல்லாம் ‘ஆ’ போட்டுவிடலாமே என்று தொகுப்பாளர் கேட்டார். கூடாது என்றேன். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்ததை அவரும் கேட்டுத்தான் எழுதியிருக்கிறார்.

பகிர்வதை மூன்றாகப் பிரித்தோம். இறந்தவர்களைப் பற்றியது முழுமையாக எல்லாருக்கும். உயிரோடு இருப்பவர்கள் விஷயத்தில் பெயரும் உறவும் மட்டும், அதுவும் அவரவரைக் கேட்டபிறகு. பிறந்த தேதி, நட்சத்திரம், எண் எதுவும் கிடையாது. 2023ஆம் வருடத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிப்பட்ட மற்றும் வீட்டு உபயோகத்துக்காக ஒருவர் வைத்திருக்கும் தரவுக்குப் பொருந்தாது. ஆகவே இந்த இடத்தில் குடும்பம் தனக்குத்தானே விதி போட்டுக்கொண்டால்தான் உண்டு. மூன்றாவது அடுக்கு, இப்போதைக்கு வெளியிடக் கூடாதவை. அது தொகுப்பாளரிடமும் வழக்கறிஞரிடமும் மட்டும் இருக்கும். சர்வே எண்களை வரலாற்றிலிருந்து எடுத்துப் பத்திரக் கட்டோடு சேர்த்துவிட்டோம். எந்த வயல் யாருக்கு வந்தது என்பது வரலாறு, எண் தேவையில்லை.

பெண் வழியை நீக்கவேண்டும் என்ற கோரிக்கையைத் தொகுப்பாளர் ஏற்கவில்லை. நானும் அவர் பக்கம்தான். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், வேலைக்கே அது தேவைப்பட்டது. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் நடந்த குடும்பம் இது. பெண் வழியை எடுத்துவிட்டால் கடிதத்தில் வரும் ‘மாப்பிள்ளை’ யார், ‘மச்சான்’ யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. தொகுப்பாளர் பயன்படுத்திய மென்பொருளோ இப்படிப்பட்ட இடங்களில் ஒரே ஆளை இரண்டு கிளையில் தனித்தனியாக வரைந்து குழப்பியது. கடைசியில் ஆளுக்கு ஒரு எண் கொடுத்து, கிளைக்கு ஒரு தாளாகக் கையால் வரைந்ததுதான் பெரியவர்களுக்குப் புரிந்தது.

அத்தையும் மலேசியக் கிளையும்

தொகுப்பாளர் நேரில் போய் மொய் நோட்டை அத்தையிடம் காட்டினார். அத்தை அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “பேரு எனக்குத் தெரியும்டி. சொல்றேன். ஆனா எழுதிக்காதே” என்றார். தொகுப்பாளர் பேனாவை மூடிவைத்தார், கைபேசியிலும் பதிவுசெய்யவில்லை. அடுத்த முறை போனபோது, “எழுதுறதுன்னா எழுதிக்க, நான் இருக்கிற வரைக்கும் யாருக்கும் காட்டாதே” என்று அத்தையே சொன்னார். ‘நே’ என்ற குறியோடு அது மூன்றாவது அடுக்குக்குப் போனது.

மலேசியாவில் ஆளைத் தேட முதலில் உறையில் இருந்த பழைய முகவரிக்குக் கடிதம் போட்டோம். திரும்பி வந்துவிட்டது. வழி திறந்தது இன்னொரு காகிதத்தில். பெரியவரின் பெட்டியில் 1987ஆம் வருடக் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது, ஈப்போவில் அச்சடித்தது. மணமகன் பெயர் தாத்தாவின் பெயரேதான். அதாவது பெரியவர் அதுவரைக்கும் அவர்களோடு தொடர்பில் இருந்திருக்கிறார், வீட்டில் சொல்லவில்லை. அது ‘சின்னம்மா வகை’க் கட்டில் இருந்திருக்கவேண்டும். கட்டுகள் கலையாமல் இருந்திருந்தால் அந்தச் சீட்டே நேராக இந்தப் பத்திரிகையில் கொண்டுபோய் விட்டிருக்கும். தேடலும் இவ்வளவு இழுத்திருக்காது.

தொடர்புகொள்வதற்கு முன் சித்தப்பாவிடம் சொல்லிவிடவேண்டும் என்று முடிவெடுத்தோம். அவர் சம்மதம் தரவில்லை, தடுக்கவும் இல்லை. “எனக்குத் தெரியாம செய்யாதீங்க, அவ்வளவுதான்” என்றார். பத்திரிகையில் இருந்த பெயர், ஊரை வைத்துத் தேடியதில் அந்த மணமகனே கிடைத்தார். இப்போது அறுபதைக் கடந்தவர். முதல் கடிதத்தில் சொத்து, பத்திரம் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. தாத்தாவின் கடிதங்கள் எங்களிடம் இருக்கின்றன, நகல் வேண்டுமா என்று மட்டும் கேட்டோம்.

அவர் பதில் போட்டார். அவர்கள் வீட்டில் வேறு கதை வழங்குகிறது. ஊரில் இருந்த முதல் மனைவி இறந்த பிறகுதான் தாத்தா தங்கள் பாட்டியைக் கோயிலில் வைத்து மணந்தார் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். இங்கிருந்த பாட்டி 1970கள் வரை உயிரோடு இருந்தவர். இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நிறைய யோசித்து, கடைசியில் பாட்டியின் கருமாதிப் பத்திரிகையின் நகலை மற்ற நகல்களோடு சேர்த்து அனுப்பினோம். சில வாரம் சத்தமே இல்லை. பிறகு தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் நகலை அவர் அனுப்பிவைத்தார். இங்கே கருமாதி நடந்த வருடம் 1958 என்று பெரியவர் எழுதியிருந்தது அதனால் உறுதிப்பட்டது. அங்கே 1959 என்று சொல்லிவந்தார்களாம். கல்யாணக் கதையில் இரண்டு பக்கத்துப் பேச்சையும் அப்படியே எழுதி, இரண்டுக்கும் ‘கே’ போட்டிருக்கிறோம்.

இப்போதைய நிலை

புதிய தொகுப்பு கிளைவாரியாக அச்சடித்த புத்தகங்களாகப் போயிருக்கிறது. ஒவ்வொரு கிளைக்கும் அவர்களுடைய பகுதியும் பொதுவான முன்னோர் பகுதியும் மட்டும். ஆவணங்களை 600 புள்ளி அடர்த்தியில், பின்பக்கத்தையும் சேர்த்து, ஸ்கேன் செய்து இரண்டு வன்தட்டுகளில் வெவ்வேறு ஊரில் வைத்திருக்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்து, படம் எடுத்த தேதி போன்ற உள்விவரங்களும் போய்விடும். அதனால் நகல் வேண்டுமென்றால் கோப்பாகத்தான் அனுப்புகிறார்கள். சித்தப்பா தன் கிளைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். மகள்களின் பெயர் இருக்கும் பக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பங்கு கேட்டு இதுவரை யாரும் வரவில்லை. தரகர் மூலம் பரவிய பழைய கோப்பு மட்டும் இன்னமும் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது. விவாகரத்து வழக்கில் இருந்த அந்தப் பெண் தன் கைபேசி எண்ணையே மாற்றிக்கொண்டார்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

இதே வேலை இன்னொரு வீட்டில் வந்தால், பெட்டியைத் திறந்ததும் எதையும் எடுக்காமல் இருக்கிறபடியே படம் எடுக்கச் சொல்வேன். பிறகு கட்டுக் கட்டாக, சீட்டோடு. தேதிவாரி வரிசையைக் கணினியில் போட்டுக்கொள்ளலாம், காகிதத்தைக் கலைக்கவேண்டியதில்லை.

ஸ்கேனர் வாங்குவதற்கு முன்னால் வீட்டில் வயதானவர்களைப் போய்ப் பார்க்கவேண்டும். இங்கே அத்தையிடம் கடைசியில்தான் போனோம், அதுவும் அவருக்கு மனவருத்தம் உண்டான பிறகு. பதிவுசெய்யலாமா, யாருக்கெல்லாம் காட்டலாம் என்ற இரண்டு கேள்வியையும் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிட வேண்டும்.

நிலத்தைப் பற்றிய பேச்சைத் தள்ளிப்போடக் கூடாது. பத்திரம் பெட்டியில் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே, இதை வைத்து என்ன செய்யப்போகிறோம், என்ன செய்யமாட்டோம் என்று பங்காளிகளிடம் சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் அங்கேயே போய்விடும். வழக்கறிஞரோடு நடந்த அந்த ஒரு மணி நேரப் பேச்சு பொங்கலுக்கு முன்னால் நடந்திருக்கவேண்டியது.

மலேசியக் கிளைக்குத் தனியாக ஒரு புத்தகம் தயாராகிறது. அதில் மூன்றாவது அடுக்கிலிருந்து எதைச் சேர்க்கலாம் என்பதில் தொகுப்பாளரும் வழக்கறிஞரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. சொந்தப் பாட்டியின் பெயர் அவர்களுக்குத் தெரியாதா என்ன, நாம் ஒளிப்பதில் அர்த்தமில்லை என்கிறார் தொகுப்பாளர். பெயர் பிரச்சினையல்ல, அத்தைக்குக் கொடுத்த வாக்குதான் பிரச்சினை என்கிறார் வழக்கறிஞர். அடுத்த மாதம் அத்தையையே கேட்டுவிடுவது என்று வைத்திருக்கிறார்கள்.